ஸ்மோக்கி ஐ பேலட்டை எடைபோடுவது எப்படி? – சில அளவுகள், சில குறிப்புகள்

மூன்று மாதம் முன்பு நடந்தது. கல்லூரி விழாவுக்குக் கிளம்ப என் மகள் கண்ணாடி முன் முக்கால் மணி நேரம் நின்றாள். கையில் புதிதாக வாங்கிய ஐஷேடோ பேலட். பன்னிரண்டு நிறம். அட்டையில் 'ஸ்மோக்கி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. வெளியே வந்தபோது இமை இரண்டும் சாம்பல் பூத்திருந்தன, விறகடுப்பை ஊதிவிட்டு வந்த மாதிரி. அவளே மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள், போய் முகத்தைக் கழுவினாள். "விடுங்கப்பா, என் கலருக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்றாள்.

அந்த வாக்கியம் எனக்கு உறுத்தியது. ஒரு புரோகிராம் ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டர் சரியில்லை என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டோம், முதலில் நம் கோடைத்தான் பார்ப்போம். இங்கே மட்டும் பவுடரைச் சந்தேகிக்காமல் தோலைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? மேக்கப்பில் என் அனுபவம் பூஜ்யம். ஆனால் படங்களில் நிறத்தை அளப்பது என் தொழிலில் கொஞ்சம் பழகிய வேலை. அதை வைத்துக்கொண்டு தோண்டியதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

ஸ்மோக்கி ஐ என்பது என்ன?

நம் வீட்டுக் கண்மை ஒரு கோடு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரியும். ஸ்மோக்கி ஐ அப்படியில்லை. இமைமுடியின் வேரில் ஏறக்குறைய கருப்பாகத் தொடங்கி, மேலே போகப்போக வெளிறி, புருவத்துக்குக் கீழே தோலோடு கலந்துவிட வேண்டும். எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியக் கூடாது. புகை என்ற பெயர் அதனால்தான்.

இந்தக் கண் உலகெங்கும் பரவியதில் மௌனப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1917-இல் வந்த 'கிளியோபாட்ரா' படத்தில் தீடா பாராவின் கண்களைப் பாருங்கள். படத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது, ஸ்டில்கள் இருக்கின்றன. அப்போதைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. சிவப்பெல்லாம் கருப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். அதற்கு ஏற்றபடி நடிகர்கள் முகத்தை வெளுப்பாக்கி, கண்ணைச் சுற்றிக் கருப்பை அப்பினார்கள். 1922-இல் துட்டன்காமுன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதும் எகிப்து மோகம் வேறு சேர்ந்துகொண்டது.

நம் காலத்துக்கு வந்தால், 2010-இல் அர்பன் டிகே நிறுவனம் 'நேக்கட்' என்ற பன்னிரண்டு நிறப் பேலட்டை விட்டது. பழுப்பும் வெண்கலமும் சாம்பலும் ஒரே பெட்டியில் கிடைக்க, சக்கைப்போடு போட்டது. 2018-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த நீளப் பெட்டி வடிவமும் 'எல்லாம் ஒரே பெட்டியில்' என்ற எண்ணமும் நிலைத்துவிட்டன.

முதல் சோதனை: ஏணியில் படிகள் இருக்கிறதா?

எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்மோக்கி ஐ ஒரு கிரேடியன்ட். கிரேடியன்ட்டில் படிகள் போதாவிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். பழைய மானிட்டரில் வானத்தின் நீலம் வரி வரியாக விழுமே, அதே கதை. போதாக்குறைக்கு நம் கண்ணும் சேர்ந்து விளையாடும். வெளிச்சம் மாறும் வேகம் திடீரென்று மாறுகிற இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு கோட்டைக் கண் தானாகச் சேர்த்துக் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் இதை விவரித்தார். மாக் பட்டைகள் என்று பெயர். பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தும் 'விளிம்பு போகவே மாட்டேங்குது' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோலுக்கும் கருப்புக்கும் நடுவே போதுமான இடைநிறங்கள் இருந்தால்தான் அந்த விளிம்பு கரையும்.

அளந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். காலை பத்து மணி, பால்கனி நிழல், ஃபிளாஷ் இல்லை. மகளின் முன்கையில் பன்னிரண்டு நிறத்தையும் கோடாகத் தடவி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுப் படம். தாள் நடுநிலை வெள்ளையாக வரும்படி திருத்தி, ஆர்.ஜி.பி. எண்களைச் 'சிஐஇ லேப்' அளவுக்கு மாற்றினேன். அதில் 'எல்' என்பது வெளிச்சம், 0 கருப்பு, 100 வெள்ளை. மற்ற இரண்டு எண்களிலிருந்து நிறச்செறிவு கிடைக்கும். செறிவு பூஜ்யத்தை நெருங்கினால் அது சாம்பல். கைபேசி கேமரா ஆய்வகக் கருவி இல்லைதான். ஆனாலும் ஒரே படத்துக்குள் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

தோல் சுமார் 45. பேலட்டில் ஆறு நிறங்கள் 60-க்கு மேல், அதாவது தோலைவிட வெளிர். அவற்றை உள்மூலையிலோ புருவத்தின் கீழோ வைக்கலாம், ஏணியில் படியாக வைக்க முடியாது. மூன்று நிறங்கள் கிட்டத்தட்ட தோல் அளவு. இரண்டு 22-க்குக் கீழே, கருப்பும் கரியும். 45-க்கும் 22-க்கும் நடுவே ஒரே ஒரு நிறம்! அதுவும் சாம்பல். பன்னிரண்டு படி என்று விற்ற ஏணியில் இவளுக்கு உதவும் படி ஒன்று.

தோல் 70 அளவில் இருக்கும் ஒருவருக்கு இதே பெட்டியில் நடுப்படிகள் நான்கைந்து கிடைத்துவிடும். பெட்டியைத் திட்டமிட்டவர்கள் மனதில் இருந்த தோல் எது என்று இதிலேயே தெரிகிறது.

இரண்டாம் சோதனை: சாம்பல் பூக்குமா?

படி குறைவு மட்டுமே பிரச்சினை என்றால் பட்டை தெரியும். சாம்பல் ஏன் பூத்தது?

இயற்கையான நிழலை நினைத்துப் பாருங்கள். கன்னத்தில் நிழல் விழுந்தால் அந்த இடம் சாம்பல் ஆவதில்லை. பழுப்புத் தோல் கரும்பழுப்பாகிறது. வெளிச்சம் குறையும்போது செறிவும் அதே விகிதத்தில் மெதுவாகக் குறைகிறது. போட்டோஷாப்பில் 'மல்ட்டிப்ளை' செய்வதும் இதுதான். நல்ல ஸ்மோக்கி ஐ இந்த நிழலை நடிக்க வேண்டும்.

இந்தப் பேலட்டின் ஒரே நடுநிறத்துக்கு வெளிச்சம் 38. தோலைவிட ஏழு புள்ளிதான் குறைவு. ஆனால் செறிவு ஏறக்குறைய சுத்தமாக விழுந்துவிட்டது. வெளிச்சம் குறையாமல் நிறம் மட்டும் போனால் கண் அதை நிழல் என்று படிக்காது, தூசி என்று படிக்கும். வெளிர் தோலில் அதே சாம்பல் முப்பது புள்ளி இருண்டு தெரியும், அதனால் நிழலாகிவிடுகிறது. பொருள் அதே, பின்னணிதான் வேறு.

பவுடரின் உள்ளடக்கமும் பார்க்க வேண்டியது. டால்க், மைக்கா போன்றவை பவுடரின் உடம்பு. நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள்: சி.ஐ. 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கருப்பு. 77891 என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு, அடர்ந்த வெள்ளை. கருப்போடு வெள்ளை கலந்தால் நீலம் தட்டிய சாம்பல் வரும் என்பது பெயின்ட் கலக்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மேட் நிறத்தைக் கொஞ்சம் சுரண்டி ஒரு துளி தேங்காயெண்ணெயில் குழையுங்கள். டால்க்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, எண்ணெயுடையது 1.45. இரண்டும் கிட்டத்தில் இருப்பதால் டால்க்கின் வெண்மை எண்ணெயில் மறைந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5-க்கு மேல், அது மறையாது. குழைத்த பிறகும் பால் ஊற்றின மாதிரி வெளிறியே இருந்தால் வெள்ளை நிறமி அதிகம். பழுப்பு ஆழமாக எழுந்து வந்தால் அந்த நிறத்தில் சரக்கு இருக்கிறது. இமைக்கு லேசாகப் பிரைமர் போட்டுத் தடவினால் எடுபடும்.

லேபிளில் 77891 இருப்பதைப் பார்த்தே பயந்துவிடாதீர்கள். ஷிம்மரின் பளபளப்பே மைக்கா துகளின் மேல் பூசிய டைட்டானியம் டை ஆக்சைடுப் படலத்தில்தான் இருக்கிறது. சோப்புக் குமிழியில் வரும் வண்ணத்தைப் போல, படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். தவிர, 'இருக்கலாம்' என்ற தலைப்பின் கீழ் எல்லா நிறங்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போடுவது வழக்கம்.

மூன்றாம் சோதனை: பவுடர் எப்படி நடந்துகொள்கிறது?

விரலால் தடவிக் காட்டும் ஸ்வாட்ச் பாதிப் பொய். விரலின் எண்ணெயும் அழுத்தமும் எந்தப் பவுடரையும் அழகாக்கிவிடும். பிரஷ்ஷால் எடுத்து, வெறும் தோலில், மூன்றே இழுப்பில் என்ன பதிகிறது என்று பாருங்கள். பிரஷ் பட்டதும் பவுடர் புழுதியாகப் பறந்தால் அழுத்தம் போதவில்லை. கருப்பு நிறம் கன்னத்தில் கொட்டும். தேய்க்கத் தேய்க்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பொருக்கு கட்டினால் அழுத்தம் அதிகம் அல்லது பைண்டர் அதிகம். அப்புறம் நான்கு மணி நேரம் கழித்து இமை மடிப்பைப் பாருங்கள். நம் ஊர் வேர்வையில் தேறினால்தான் தேர்ச்சி. ஷிம்மரை முழு இமையிலும் பூசினால் புகை போய்த் தகடாகிவிடும். அதனால் கிரேடியன்ட்டுக்கான படிகள் மேட்டாகவே இருக்கட்டும், இமையின் நடுவில் ஒரு ஷிம்மர் போதும்.

லேபிள்: இதற்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்

1933-இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பார்வையையே பறித்தது. 1938-இல் அங்கே அழகுசாதனங்களும் சட்டத்துக்குள் வர அதுவும் ஒரு காரணம். இன்றும் உதட்டுக்கு அனுமதித்த எல்லாச் சாயங்களையும் கண்ணுக்கு அங்கே அனுமதிப்பதில்லை. சில பேலட்களில் பளீர் ரோஜா, சிவப்பு நிறங்களை 'பிரஸ்ட் பிக்மென்ட்' என்று பெயர் மாற்றி, கண் பகுதிக்கு அல்ல என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாரம்பரிய சுர்மா, கோல் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய எகிப்தில் கலீனா, அதாவது காரீய சல்ஃபைடு, அரைத்துப் பூசினார்கள். சில சுர்மாக்களில் இன்றும் அது உண்டு. எகிப்திய மையிலிருந்த காரீய உப்பு மிகச் சிறிய அளவில் தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது என்று 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையை, 'காரீயம் கண்ணுக்கு நல்லது' என்று திரித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் சில செல்கள் வேறு, கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும் குழந்தை வேறு. நிறத்துக்காகக் காரீயமோ ஆர்சனிக்கோ சேர்ப்பதற்கு இந்தியாவிலும் தடை இருக்கிறது. உள்ளடக்கப் பட்டியலும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஃபெயில்தான். கைவினைக் கடை கிளிட்டரும் அப்படியே, கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவைக் கீறிவிடும். லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் மாட்டிக்கொண்டு பிறகு மேக்கப் போடட்டும்.

முடிவு என்ன வந்தது?

லேபிள் பாஸ் ஆனால்தான் மற்றவற்றுக்கு மதிப்பெண்: ஏணி 50, நிறம் 30, பவுடர் 20. மகளின் பேலட்டுக்கு நான் போட்டது ஏணிக்கு 15, நிறத்துக்கு 8, பவுடருக்கு 17. மொத்தம் 40. பவுடர் தரமானது, கருப்பு உண்மையிலேயே நல்ல கருப்பு. ஆனால் அவள் கண்ணுக்கு அது பாதிப் பெட்டி. இதே மதிப்பீட்டை வேறொரு தோலில் செய்தால் 75 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆகவே 'சிறந்த பத்துப் பேலட்கள்' மாதிரியான பட்டியல்களில், யார் தோலில் சிறந்தது என்று சொல்லாத வரிசைக்கு அர்த்தம் குறைவு.

பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. தனியாக விற்கும் மேட் நிறங்கள் இரண்டு வாங்கினோம். ஒன்று கருப்பட்டி நிறம், அளவு 37 பக்கம். இன்னொன்று புளியங்கொட்டை நிறம், 29 பக்கம். இரண்டிலும் சிவப்புச் சாயல் தெரிகிறது. முதலில் கருப்பட்டியை மடிப்புக்கு மேலே மெல்லிசாக, அதன் கீழே புளியங்கொட்டை, கடைசியாக இமைமுடி ஓரத்தில் மட்டும் பழைய பேலட்டின் கருப்பு. சாம்பல் நிறத்தைத் தொடவே இல்லை.

போன வாரம் உறவினர் கல்யாண ரிசப்ஷனுக்கு அப்படித்தான் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். விளிம்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. "புகை மாதிரி இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கலர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.