அவர் போனுக்கு வரும் ஓடிபி

2025 டிசம்பர் 31. மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் லாட்கி பஹின் திட்டத்தின் பணம் நிற்காமல் வர வேண்டுமென்றால் அதற்குள் இ-கேஒய்சி எனும் ஆதார் சரிபார்ப்பை முடித்தாக வேண்டியிருந்தது. நவம்பர் 18 என்று இருந்த கெடுவை மகாராஷ்டிர அரசு தள்ளிவைத்த பிறகும் மும்பையின் தாராவியிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் எங்களுக்குக் கடிதங்கள் வந்தபடியே இருந்தன. எந்த இணையதளம், எந்தப் பொத்தான் என்பதெல்லாம் உங்கள் அங்கன்வாடியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி வேறு: "அவர் ஓடிபி சொல்ல மாட்டேங்கிறார். நான் என்ன செய்ய?"

தாராவி 90 ஃபீட் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அங்கே நின்றிருந்தேன். கடைக்காரப் பையன் ஒரு பெண்ணின் ஆதார் எண்ணைத் தட்டினான், அவர் கையிலிருந்த போனுக்கு ஓடிபி வந்தது, முதல் கட்டம் முடிந்தது. அடுத்து கணவரின் ஆதார் எண். அதையும் ஒரு பழைய ரேஷன் கார்டு நகலின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பையன் பொத்தானை அழுத்தினான். அந்த ஓடிபி ஆண்டாப் ஹில்லில் எங்கோ வேலையில் இருந்த கணவரின் போனுக்குப் போனது. அந்தப் பெண் அவரை அழைத்தார். "ஏங்க, ஒரு நம்பர் வந்திருக்கும், ஆறு எழுத்து, சொல்லுங்க." மறுமுனையில் சொன்னது எனக்கும் கேட்டது: "அம்மா வீட்ல இருந்துகிட்டு அதிகாரம் பண்றியா? வீட்டுக்கு வா, சொல்றேன்." ஆதார் ஓடிபிக்கு ஆயுள் 10 நிமிடம். மூன்று முறை அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் நகல்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பையனுக்கு 20 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இரண்டாவது ஓடிபியைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும்.

அரசு சொல்லும் காரணம் வெளிப்படைத்தன்மை. திட்டத்தில் தகுதியற்றவர்கள் நுழைந்தது உண்மை. 14,298 ஆண்கள் பணம் வாங்கியது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில் 26.34 லட்சம் பேருக்குப் பணம் நிறுத்தப்பட்டது. ஆனால் பெண் பெயரில் ஓர் ஆண் வாங்குகிறாரா என்று பார்க்க அந்தப் பயனாளியின் ஆதாரைச் சரிபார்த்தாலே போதும். கணவர் எதற்கு? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த வருமானத்தைக் கணவர் அல்லது தந்தையின் பெயரில்தான் தேட வேண்டும் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். ஆதார் எண்ணுக்கு உரியவரின் சம்மதம் இல்லாமல் அதைச் சரிபார்க்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம். ஓடிபி என்பது அந்தச் சம்மதம்தான்.

நல்ல சட்டம். குடிமகனின் தகவலைக் காக்க எழுதப்பட்டது. ஆனால் இந்த இணையப் பக்கத்தில் அது என்னவாகிறது என்று பாருங்கள். கணவரின் தகவலுக்குக் கணவர் சம்மதிக்க வேண்டும், அவர் சம்மதிக்காவிட்டால் மனைவியின் 1,500 ரூபாய் நிற்கும். பெண்ணின் சொந்தக் கணக்கில், பெண்ணின் பெயரில், அவள் தன் காலில் நிற்பதற்கென்று அறிவிக்கப்பட்ட பணத்தின் சாவியை மாநில அரசே எடுத்துக் கணவன் கையில் கொடுத்துவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அடிக்கிற கணவன் ஒருவன் இருப்பான் என்ற நினைப்பே அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர்களுக்கு வரவில்லை, அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அந்த நினைப்பு வராமல் போவதற்கு அடி அரிதான விஷயமும் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 49 வயதுவரை உள்ள, மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். மகாராஷ்டிரத்தில் நான்கில் ஒருவர். தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் அப்போது நாட்டில் 54 சதவீதம்தான். ஆகவே பல வீடுகளில் முதல் ஓடிபியும், அதாவது பெண்ணின் சொந்த ஆதாருக்கு வருவதும், கணவரின் போனில்தான் விழுகிறது.

வங்கிக் கணக்கு இருந்தால் அடி குறையும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டைப் பாருங்கள். 92 சதவீதப் பெண்களுக்குத் தாங்களே பயன்படுத்தும் கணக்கு இருக்கிறது. கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 38 சதவீதம், தேசிய அளவைவிட அதிகம். கணக்குத் திறந்ததால் அடி கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. பாஸ்புக்கை எண்ணுவதால் வீட்டுக்குள் நடப்பது தெரியாது என்பதே பொருள்.

எது உதவுகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் வட பகுதியில் நூறு நாள் வேலைக் கூலியைப் பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டு, அதைக் கையாளவும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். பொருளியலாளர் ரோகிணி பாண்டே உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கூலி நேரடியாக வரும் கணக்கும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்த பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். பெண் சம்பாதிப்பது பற்றிய வீட்டாரின் எண்ணமும் கொஞ்சம் இளகியது. வங்கதேசத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பணம் அல்லது உணவுப் பொருளோடு, வாராவாரம் கூடிப் பேசும் ஊட்டச்சத்துப் பயிற்சியும் தரப்பட்டது. திட்டம் முடிந்து 6 முதல் 10 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் உடல்ரீதியான வன்முறை 26 சதவீதம் குறைவாக இருந்தது. பயிற்சி இல்லாமல் பணமோ உணவோ மட்டும் வாங்கிய வீடுகளில் அப்படி எதுவும் நிலைக்கவில்லை. பயிற்சியில் வன்முறை பற்றிப் பேசவே இல்லை, குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்றுதான் பேசினார்கள். ஆனால் வாரம் ஒருமுறை நாலு பேர் பார்க்க வெளியே வரும் பெண்ணின் கன்னத்தில் வீக்கம் இருந்தால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறது. இந்த ஆய்வில் என் மனதில் தங்கியது அதுதான்.

இனி, செய்யக்கூடியவை. உங்கள் ஆதாரோடு இணைந்திருப்பது கணவரின் எண் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். எந்த ஊர் ஆதார் மையத்திலும் செய்யலாம். கைரேகை போதும், வேறு ஆவணம் வேண்டாம், கட்டணம் 75 ரூபாய். சில நாள் பிடிக்கும் என்பதால் இன்றே போங்கள். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அவரிடம் இருக்கிறதா? இந்தப் பணம் உங்கள் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். தபால் நிலையத்தில் புதுக் கணக்குத் திறந்து ஆதாரை அதில் இணைத்தால் அடுத்த தவணை அங்கே வரும். பழைய பாஸ்புக்கைக் கேட்டுச் சண்டை போட வேண்டியதில்லை.

கணவரின் ஓடிபிக்கு இப்படி ஒரு வழி என்னால் சொல்ல முடியவில்லை. கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, மணவிலக்கு ஆகியிருந்தால் அதற்கான சான்று அல்லது நீதிமன்ற உத்தரவு, இவற்றின் நகலை அங்கன்வாடிப் பணியாளரிடம் கொடுத்தால் போதும் என்கிறது அரசு. ஆனால் 2024இல் திட்டத்தை அறிவித்தபோது கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் உரிமை உண்டு என்று எழுதியதும் இதே அரசுதான். அடி தாங்காமல் வெளியேறியவளிடம் எந்தச் சான்று இருக்கும்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கிடைக்காமல் செய்வதைப் பொருளாதார வன்முறை என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு வாங்கியிருப்பவர்கள் அதன் நகலைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்க முடியாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

மற்ற கேள்விகள்.

கணவர் திருநெல்வேலியில் இருக்கிறார்? போனில் சொன்னால் போதும், 10 நிமிடத்துக்குள்.

கல்யாணம் ஆகவில்லை, அப்பாவும் இல்லை? உங்கள் இ-கேஒய்சியை முடித்துவிட்டு அப்பாவின் இறப்புச் சான்று நகலை அங்கன்வாடியில் கொடுங்கள்.

2,100 ரூபாய் எப்போது? 2024 தேர்தலில் சொன்னது. 2025 முடிவிலும் 1,500தான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள். அடி விழுகிறது என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112.

வீட்டை விட்டு வந்து நாலு வருஷம், அவர் எங்கே என்றே தெரியாது? நடந்ததைத் தாளில் எழுதி அங்கன்வாடியில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். அப்படி வருகிற எல்லாவற்றையும் சேர்த்து, பெயர்களை மறைத்து, மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அதிதி தட்கரேயின் அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் போகிறோம்.