இளமையிற் குடிப்பழக்கமும் அதற்கான சிகிச்சையும்



“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. குடிக்கப் பழகிய மாணவனொருவனைப் பற்றிப் பேச்செழும்போது, “இனி அவன் திருந்தான்” என்று முடிவு கட்டுவதற்கே பெரியோர் பலர் இதனைக் கையாளுகின்றனர். அம்முடிவு பிழையானது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நமது நாட்டின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதைத் தடை செய்கின்றது. இவ்வெல்லை காரணமின்றி இடப்பட்டதன்று. ஆசையை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கும் மூளையின் முற்பகுதி, ஏறக்குறைய 25 வயதிலேயே முழு வளர்ச்சி எய்துகின்றது. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோருள் நூற்றுக்கு நாற்பது பேர் வாழ்நாளில் ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியோருள் அவ்வாறானோர் நூற்றுக்குப் பத்துப் பேரளவினரே.

ஆகவே வேளையோடு அறிதல் முதற் கடமையாகும். படிப்பிற் பின்னடைதல், பாடசாலைக்கு அடிக்கடி வாராமை, பழைய நண்பரை விட்டு விலகுதல், காரணமின்றிச் சினத்தல் முதலியன அறிகுறிகளாகலாம். இவை வேறு துயரத்தாலும் தோன்றக்கூடும். ஆதலின், குற்றஞ் சாட்டாது தனியே அழைத்து வினவுதல் வேண்டும். மனச்சோர்வு, அச்சம், வீட்டிலே நிகழும் வன்முறை ஆகியவை குடிக்குப் பின்னால் மறைந்திருத்தல் உண்டு. அவற்றையும் சேர்த்துக் கவனியாத சிகிச்சை பாதிச் சிகிச்சையே.

குடித்துப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் குடிக்கு அடிமைகளல்லர். தொடக்க நிலையிலுள்ளோர்க்குச் சில தடவை அமைதியாக நடத்தும் உளவளத்துணையே பெரும் பயன் தரும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எடுத்துரைத்த முறையில், ஆலோசகர் அறிவுரையை அடுக்குவதில்லை. குடியை விடுவதற்கான காரணங்களை இளைஞனே தன் வாயாற் சொல்லும்படி வினாக்களைத் தொடுக்கின்றார். பழக்கம் முற்றியவிடத்துக் குடும்பத்தாரும் சிகிச்சையிற் பங்குகொள்ளல் வேண்டும். தந்தை மாலைதோறும் போத்தலைத் திறக்கும் வீட்டில், மகனுக்கு மட்டும் கூறும் புத்தி நிலைக்குமா?

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்த பிள்ளையை வீட்டில் அடைத்துவைத்துக் குடியைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். இவ்வாறு மருந்தின் துணையுடன் குடியை நிறுத்த வேண்டிய 10 முதல் 17 வயது வரையினரை வைத்தியசாலையில் வைத்தே பராமரிக்க வேண்டுமென 2011இல் இங்கிலாந்தில் வெளியான மருத்துவ வழிகாட்டி கூறுகின்றது.

ஆசிரியராகிய எம்மவர்க்கும் ஒரு சொல். மாணவனைப் பாடசாலையிலிருந்து நீக்குதல் பாடசாலையின் பெயரைக் காக்கலாம், பிள்ளையைக் காக்காது. பகல் முழுதும் பொழுதும் தனிமையும் கைவந்தவனுக்குத் தவறணையின் வழி இன்னும் அண்மையாகிவிடும். வகுப்பறையும் விளையாட்டு மைதானமும் அவனுக்குத் திறந்திருத்தலும் சிகிச்சையின் ஒரு கூறே.

விட்ட பழக்கம் மீண்டும் தலைகாட்டினால் மனந்தளர வேண்டா. சிகிச்சை தோற்றதென்பது அதன் பொருளன்று. மறுபடியும் வைத்தியரை நாட வேண்டும் என்பதே. அரசினர் பெரிய வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்கு உதவி பெறலாம். 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையிலும் ஆலோசனை கேட்கலாம். தொட்டிலை ஆட்டிய கைகளே பழக்கத்தை மாற்றவும் துணை நிற்குமாயின், அப்பழமொழி பொய்த்துப் போகும்.