யாரை வென்றீர்கள் என்று ஒரு கணக்கு

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 30–24 என்று வீழ்த்தி பிளே ஆஃப் இடத்தை உறுதி செய்தது. அதே நொடியில், நாட்டின் மறுகோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியும் தன் டிவிஷனின் சாம்பியன் ஆகிவிட்டது. ராம்ஸ் அன்று ஆடவில்லை. அந்த சீசனின் 17 ஆட்டங்களில் வாஷிங்டனுடனும் அட்லாண்டாவுடனும் அது மோதவே இல்லை. பட்டத்துக்கு அதனுடன் போட்டியிட்ட சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கோ இன்னும் ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. அதுவும் ராம்ஸுடன்தான். அதில் சியாட்டில் வென்றால் இரு அணிகளும் சமமாகிவிடும். ஆனாலும் பட்டம் ராம்ஸுக்கே என்று டை பிரேக்கர் விதி முன்கூட்டியே தீர்த்துவிட்டது.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். பதினாறு பதினாறாக இரண்டு கான்ஃபரன்ஸ்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள் கொண்ட நான்கு டிவிஷன்கள். கான்ஃபரன்ஸுக்கு 7 அணிகள் பிளே ஆஃப் போகின்றன: டிவிஷனில் முதலிடம் பிடித்த நான்கு, மற்றவற்றில் சிறந்த மூன்று. இந்த மூன்றும் வைல்டு கார்டு அணிகள். உடலை நொறுக்கும் இந்த விளையாட்டில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்பதே அதிகம் என்பதால், எல்லா அணிகளும் எல்லா அணிகளுடனும் மோத வழியில்லை. ஆட்டங்கள் குறைவு, அணிகள் அதிகம். இரண்டு மூன்று அணிகள் ஒரே வெற்றிக் கணக்கில் வந்து நிற்பது சகஜம்.

ஐபிஎல்லில் இப்படி நேர்ந்தால் நம் கண் நெட் ரன் ரேட்டுக்குப் போகும். என்எஃப்எல் அந்த வகைக் கணக்கைக் கடைசிப் படிகளுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. ஒரே டிவிஷனின் இரண்டு அணிகள் சமமானால், முதலில் அவை நேருக்கு நேர் மோதியபோது வென்றது யார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் டிவிஷனுக்குள் பெற்ற வெற்றிகள், பிறகு இரண்டும் பொதுவாகச் சந்தித்த எதிரணிகளிடம் பெற்ற வெற்றிகள், பிறகு கான்ஃபரன்ஸுக்குள் பெற்ற வெற்றிகள். இவ்வளவுக்கும் அசையாத சமநிலைக்கு ஐந்தாவது படி காத்திருக்கிறது. நீங்கள் வென்ற அணிகள் அந்த சீசனில் எத்தனை ஆட்டங்களை வென்றன என்று கூட்டிப் பார்க்கும் படி அது. புள்ளி வித்தியாசம் இதற்கெல்லாம் கீழே வருகிறது. நாணயம் சுண்டுவதுதான் கடைசிப் படி.

2024-ல் ராம்ஸும் சீஹாக்ஸும் அந்த ஐந்தாவது படி வரை இறங்கின. இரண்டும் 10 வெற்றி, 7 தோல்வி. நேருக்கு நேர் ஆளுக்கு ஒரு வெற்றி. டிவிஷனுக்குள் இரண்டும் 4–2. கான்ஃபரன்ஸுக்குள் இரண்டும் 6–6. ஒரே டிவிஷன் அணிகளின் அட்டவணையில் மூன்று ஆட்டங்கள்தான் வேறுபடும். அந்த மூன்றிலும் இரண்டும் 2–1. இவ்வளவு ஒத்துப்போன இரண்டு அணிகளை எதை வைத்துப் பிரிப்பது?

வெற்றிப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்குகிறது. ராம்ஸ் பஃபலோ பில்ஸையும் மின்னசோட்டா வைக்கிங்ஸையும் வென்றது. முன்னது 13 ஆட்டங்களையும் பின்னது 14 ஆட்டங்களையும் வென்ற பலசாலிகள். அந்த இரண்டிடமும் சியாட்டில் தோற்றது. மறுபக்கம், 8 வெற்றி பெற்ற மயாமி டால்ஃபின்ஸையும் 5 வெற்றியோடு முடங்கிய சிகாகோ பியர்ஸையும் சியாட்டில் வென்றது. ராம்ஸ் அந்த இரண்டிடமும் தோற்றது. வலியவர்களை வீழ்த்தி எளியவர்களிடம் சறுக்கியது ஓர் அணி. எளியவர்களை வீழ்த்தி வலியவர்களிடம் சறுக்கியது இன்னொன்று. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். விதி முதல் அணியின் பக்கம் சாய்ந்தது. ராம்ஸ் வென்ற அணிகளின் மொத்த வெற்றி 75, சியாட்டில் வென்ற அணிகளுடையது 72. மூன்றே மூன்று வெற்றி வித்தியாசம்.

வாஷிங்டன் ஆட்டம் ராம்ஸுக்கு ஏன் பட்டமாக மாறியது என்பதும் இங்கேதான் விளங்கும். சியாட்டில் அக்டோபரில் அட்லாண்டாவை வென்றிருந்தது. அட்லாண்டா தோற்கத் தோற்க அந்தப் பழைய வெற்றியின் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. முந்தைய நாள் சின்சினாட்டியிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற டென்வரும் சியாட்டில் வென்ற அணிதான். கடைசி ஆட்டத்தில் ராம்ஸ் தன் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது. சியாட்டில் 30–25 என்று வென்று, 10 வெற்றிகளோடு வீட்டுக்குப் போனது.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அணிகளின் அட்டவணைகள் ஒன்றுபோல் இல்லாத லீக்கில், யாரை வென்றாய் என்று கேட்பதை விட நியாயமான கேள்வி அரிது. நலிந்த அணியை 40 புள்ளியில் நசுக்குவதற்கும் 3 புள்ளியில் வெல்வதற்கும் இந்தக் கேள்வி ஒரே மதிப்பெண் தருகிறது.

2010-ல் கிரீன் பே பேக்கர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், டாம்பா பே பக்கனியர்ஸ் மூன்றும் 10–6 என்று நின்றன. கான்ஃபரன்ஸுக்குள்ளும் மூன்றும் 8–4. இருந்தது ஒரே இடம். வீழ்த்திய அணிகளின் வெற்றி விகிதம் பேக்கர்ஸுக்கு .475, ஜயன்ட்ஸுக்கு .400, பக்கனியர்ஸுக்கு .344. பேக்கர்ஸ் கடைசி அணியாக உள்ளே நுழைந்தது; 2011 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்க்கை 31–25 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்தப் படியில் சறுக்கியிருந்தால் அந்தக் கோப்பையே இல்லை.

எல்லாப் படிகளும் இவ்வளவு நியாயமாக எனக்குத் தோன்றுவதில்லை. 2008-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 11–5. மயாமியும் 11–5, பால்டிமோரும் 11–5. பேட்ரியாட்ஸ் மட்டும் வெளியே. கான்ஃபரன்ஸுக்குள் மற்ற இரண்டும் 8–4, பேட்ரியாட்ஸ் 7–5. எதிர் கான்ஃபரன்ஸில் அது மோதிய நான்கு அணிகளையும் வென்றிருந்தது. அவற்றில் ஒன்று அரிசோனா கார்டினல்ஸ். 47–7 என்று பேட்ரியாட்ஸிடம் நொறுங்கிய அந்த அணிதான் அந்த சீசனின் சூப்பர் பவுல் வரை போனது. அரிசோனாவிடம் மயாமி தோற்றிருந்தது. ஆனால் எதிர் கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்பதால் அந்தத் தோல்வி இந்தப் படியில் கணக்கிலேயே வரவில்லை. எங்கே தோற்றாய் என்பது எத்தனை தோற்றாய் என்பதைத் தோற்கடித்த ஆண்டு அது. பேட்ரியாட்ஸின் கான்ஃபரன்ஸிலேயே 8–8 எடுத்த சான் டியேகோ சார்ஜர்ஸ் டிவிஷன் சாம்பியன் என்ற பெயரில் உள்ளே போனது.

நேருக்கு நேர் மோதலை முதல் படியாக வைத்ததில் எனக்கு மறுப்பே இல்லை. 2022 அக்டோபர் 2-ல் சியாட்டில் 48–45 என்று டெட்ராய்ட் லயன்ஸை அதன் ஊரிலேயே வென்றது. சீசன் முடிவில் இரண்டும் 9–8. ஜனவரி 8 அன்று கடைசி ஆட்டத்துக்கு லயன்ஸ் கிரீன் பேயில் களமிறங்கும் முன்பே சியாட்டில் தன் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் வென்றுவிட்டது. அக்டோபர் ஆட்டத்தால் லயன்ஸ் அப்போதே வெளியே. தங்களுக்கு இனி எதுவும் இல்லை என்று தெரிந்தும் அந்த வீரர்கள் 20–16 என்று பேக்கர்ஸை வீழ்த்தினார்கள். அதனால் பேக்கர்ஸும் வெளியேற, தங்களை வென்ற சியாட்டிலுக்கே பிளே ஆஃப் இடம் கிடைத்தது. அவர்கள் அன்று ஆடிய ஆட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனக்குக் குறையாகப் படுவது டை பிரேக்கருக்கு மேலே இருக்கும் விதி. டிவிஷனில் முதலிடம் பிடித்தால், எத்தனை தோற்றிருந்தாலும் முதல் நான்கு இடங்களில் ஒன்றும், முதல் பிளே ஆஃப் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடும் உரிமையும் உறுதி. 2010-ல் 7–9 எடுத்த சியாட்டில், 11–5 எடுத்த நியூ ஆர்லியன்ஸைத் தன் ஊருக்கு வரவழைத்து 41–36 என்று வென்றது. 2024-ல் 14 ஆட்டங்களை வென்ற வைக்கிங்ஸ், 10 வெற்றி பெற்ற ராம்ஸுக்கு விருந்தாளி அணி. லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவுக்கு மாறியும் உள்ளூர் அணி ராம்ஸ்தான். ராம்ஸ் 27–9 என்று வென்றது.

அந்த பிளே ஆஃபுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் வைக்கிங்ஸை வென்று முதலிடம் பிடித்தது டெட்ராய்ட் லயன்ஸ். தோற்றிருந்தால் வைக்கிங்ஸுக்கு நேர்ந்த ஐந்தாம் இடம் அதற்கு நேர்ந்திருக்கும். 2025-ல் லயன்ஸ் ஒரு திருத்தத்தை முன்வைத்தது: டிவிஷன் சாம்பியனுக்கு பிளே ஆஃபில் இடம் உண்டு, ஆனால் அதைவிட அதிகம் வென்ற வைல்டு கார்டு அணி வரிசையில் மேலே போகலாம். விதியை மாற்ற 32 அணிகளில் 24-ன் வாக்கு வேண்டும். மே மாதம், வாக்கெடுப்புக்கு வரும் முன்பே லயன்ஸ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.