தொலை அழைப்பும் அனுமதித் தகடும்

இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,890 மீற்றர். மலைநாட்டுப் பாதை ஒற்றைப் பாதையாதலின், ஆங்கு நெடுங்காலமாகத் தகட்டு முறை கைக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. அடுத்தடுத்த இரு நிலையங்களின் பொறிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தார் இசைந்தாலன்றி இந்நிலையப் பொறி தகட்டை வெளிவிடாது. எப்பகுதிக்குரியதென்பது தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பட்டிப்பொலவுக்கும் ஒகியாவுக்கும் இடைப்பட்ட பகுதிக்குரிய தகட்டைக்கொண்டு வேறு பகுதியிற் புகுதல் இயலாது.

பெருநிறுவனங்களின் மென்பொருளிலும் இத்தகைய தகடு வேண்டப்படுகின்றது. ஒரு கணினி, தொலைவிலுள்ள மற்றொரு கணினியின் செயற்கூற்றைத் தன்னுடையது போல இயக்குதலே தொலை அழைப்பாகும். இதனை நடைமுறைப்படுத்தும் வகையை பிரெல், நெல்சன் என்னும் இருவர் 1984 இல் விளக்கி எழுதினர். 1972 இல் ஜேர்மனியிலே தொடங்கப்பெற்ற எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில் இவ்வழைப்பு ஆர்.எப்.சி. எனப்படும்.

தேயிலைக் கம்பனி ஒன்றை எண்ணிக்கொள்வோம். தோட்டத்துத் தராசு கொழுந்தின் நிறையைத் தொலை அழைப்பினாலே கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்புகின்றது. அத்தராசின் கணக்குக்கு வேண்டுவது நிறையைப் பதியும் செயற்கூறு ஒன்றே. ஆனால் அமைப்போர் வேலை எளிதாகுமென்று, செயற்கூற்றின் பெயருக்குரிய இடத்தில் உடுக்குறி ஒன்றை இட்டுவிடுவர். உடுக்குறி 'எல்லாம்' எனப் பொருள்படும். அவ்வாறாயின் அக்கணக்கின் கடவுச்சொல்லைக் கைப்பற்றிய ஒருவன் தொலைவிலிருந்தே எச்செயற்கூற்றையும் அழைக்கலாம். உள்ளே வேறு தடை இல்லையெனின், கூலி வீதமும் தொழிலாளியின் வங்கிக் கணக்கெண்ணும் அவன் கைக்கு எட்டிவிடும். உடுக்குறியிட்ட அனுமதி, பகுதியின் பெயர் பொறிக்கப்படாத தகடு போல்வது.

தடைகள் நான்கு வகையின. முதலாவது நுழைவாயில். வெளி நிரல்களை யார் தொடக்கலாம், எவை தம்மைப் பதிவு செய்யலாம் என இரு பட்டியல்கள் அங்குள. அவற்றின் விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலிற் பொருந்தும் விதியே முடிவாகும். ஆதலின் தாராளமான விதி மேலே நின்றால் கீழுள்ள கடுமையான விதி பயனற்றுப்போம். இரண்டாவது, எஸ்_ஆர்.எப்.சி. என்னும் அதிகாரப் பொருள். இன்ன பயனர் இன்ன செயற்கூற்றை அழைக்கலாம் என்பதை இது வரையறுக்கும். மூன்றாவது யூகான் என்பது. யார் அழைப்பினும், வெளிக்குத் திறக்கப்படாத செயற்கூறு இயங்காதபடி இது தடுக்கும். நான்காவது, செயற்கூறு தன்னுள்ளே செய்யும் சோதனை. அழைக்க உரிமையுடையார் அனைவரும் எல்லாத் தரவையும் மாற்ற உரிமையுடையார் அல்லர்.

நுழைவாயிலைத் திறந்தே விடுதலின் விளைவு 2019 இல் வெளிப்பட்டது. இவ்வாறு திறந்து கிடந்த அமைப்புகளைத் தாக்கும் நிரல்கள் அவ்வாண்டிலே பொதுவெளிக்கு வந்தன. மே மாதத்தில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை எச்சரிக்கை விடுத்தது. அங்கே கண்ட குறை பெரும்பாலும் அனுமதிப் பட்டியல் செவ்வனே அமைக்கப்படாமையேயாம்.

அவ்வாறாயின் இன்றே உடுக்குறியை நீக்கி அனைத்தையும் அடைத்துவிடலாமோ எனின், அதுவும் தவறு. முதலில் எவ்வழைப்புகள் உண்மையில் நிகழ்கின்றன எனப் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் அவற்றை ஆராய்ந்து வேண்டியவற்றை மட்டும் பெயர் சுட்டி அனுமதித்தல் வேண்டும். சோதித்த பின்னரே ஏனையவற்றைத் தடுத்தல் வேண்டும். பதிவுக் காலம் குறுகியதாயிருத்தல் ஆகாது. தீபாவளி முற்பணத்துக்கான அழைப்பு ஆண்டில் ஒருமுறையே நிகழ்வது. இரு வாரப் பதிவை மட்டும் நம்பி அடைத்தால், முற்பணம் வழங்கும் நாளிலே கணினி மறுத்து நிற்கும். தொழிலாளி வெறுங்கையுடன் இல்லம் திரும்புவான். மறுநாளே அதிகாரிகள் பதறி உடுக்குறியை மீண்டும் இட்டுவிடுவர். ஆராயாது அடைத்தல் ஈற்றிலே முழுவதும் திறத்தலாகவே முடியும்.

அனுமதி என்பது ஐயத்தின் அடையாளமன்று. தகடு கேட்கப்படுவதால் எச்சாரதியும் தன்னை இழிவாக எண்ணுவதில்லை. அத்தகட்டை நம்பியே பயணிகள் வண்டியிற் கண்ணயர்கின்றனர். கணினித்துறைக்குச் செல்லும் நம் மாணவர்கள், தாம் வழங்கும் ஒவ்வோர் அனுமதியிலும் அது எப்பகுதிக்கு உரியதெனப் பெயர் பொறிக்கக் கற்பாராக.