'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்'... டிசைன் டீமுக்குக் கட்டுப்படியாகும் சாஃப்ட்வேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'பிராக்கெட் ஃபைனல்', 'பிராக்கெட் ஃபைனல் 2', 'பிராக்கெட் ஃபைனல் புதுசு', 'பிராக்கெட் கடைசி ஃபைனல்'. பல டிசைன் ஆபீஸ்களின் ஷேர்டு ஃபோல்டரில் இப்படி நாலு ஃபைல் இருக்கும். இதில் எது லேட்டஸ்ட்? வரைந்தவருக்குத் தெரியும். அவர் லீவில் இருந்தால்?

டிசைன் நடப்பது படூரில், இரும்பை வெட்டுவது மறைமலைநகரிலோ அம்பத்தூரிலோ என்றால் சிக்கல் இன்னும் பெரிது. வாட்ஸ்அப்பில் போன பழைய பி.டி.எஃப்-ஐப் பார்த்து மெட்டீரியலை வெட்டிவிட்டால், அந்தச் செலவு யார் தலையில்? பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனி சாஃப்ட்வேரும் தனி ஆட்களும் வைத்திருக்கின்றன. எட்டுப் பத்துப் பேர் கொண்ட சின்ன டீம் என்ன செய்வது?

போனில் சொன்னதுக்கு ஆதாரம் எங்கே?

ஒரு டிராயிங்கில் செய்யும் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய விபரீதமாகலாம் என்பதற்கு, உலகம் முழுக்கப் பொறியியல் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். 1981 ஜூலை 17 அன்று அங்கே தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமைப்பில், நாலாவது மாடி நடைபாதையும் இரண்டாவது மாடி நடைபாதையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்கின. ஃபேப்ரிகேஷன் கட்டத்தில் அது இரண்டு துண்டுக் கம்பிகளாக மாறியது. கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலேயே தொங்கியதால், மேலே இருந்த இணைப்பின் மீது பாரம் இரண்டு மடங்கானது. மாற்றப்பட்ட டிராயிங்கில் பொறியாளர் முத்திரையும் இருந்தது. போனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றது ஃபேப்ரிகேஷன் நிறுவனம். அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றது வடிவமைப்புத் தரப்பு. யார் எப்போது எதற்கு ஒப்புதல் கொடுத்தார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. கடைசியில் பொறுப்பான பொறியாளர்களின் உரிமம் ரத்தானது.

இன்றைக்கு அந்த போன் காலின் இடத்தில் வாட்ஸ்அப் 'ஓகே சார்' இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் கொட்டினாலும் தப்பாது

விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஏர்பஸ் ஏ380 கதை வேறு மாதிரி சொல்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியின் ஹாம்பர்க் டீம் கேட்டியா சாஃப்ட்வேரின் 4-வது பதிப்பில் வேலை செய்தது, பிரான்ஸின் துலூஸ் டீம் 5-வது பதிப்பில். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒயர் கட்டுகள் விமானத்தில் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-ல் வெளியே தெரிந்த இந்தச் சிக்கலால் திட்டம் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

சாஃப்ட்வேர் இரண்டாவது கேள்வி. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே விதியில் வேலை செய்கிறார்களா என்பதே முதல் கேள்வி.

கூகுள் டிரைவ் போதாதா?

பில், கடிதம், கொட்டேஷனுக்குத் தாராளமாகப் போதும். டிராயிங் ஃபைல்களுக்கு மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, கேட் ஃபைல்கள் தனித்தனி ஃபைல்கள் அல்ல. ஒரு அசெம்ப்ளிக்குள் நாற்பது பார்ட் இருந்தால், அந்த நாற்பதும் எங்கே, எந்தப் பெயரில் இருக்கின்றன என்பதை அசெம்ப்ளி நினைவில் வைத்திருக்கும். யாராவது ஒரு பார்ட்டின் பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும்.

இரண்டாவது, இரண்டு பேர் ஒரே மாடலை ஒரே நேரத்தில் திறந்து மாற்றினால், ஒருவருடைய வேலை வீணாகும். வேர்ட் ஃபைல் போல இரண்டையும் சேர்க்க வழியில்லை.

மூன்றாவது, கூகுள் டிரைவ் இதுபோன்ற ஃபைல்களின் பழைய வெர்ஷன்களைப் பொதுவாக 30 நாள் அல்லது 100 வெர்ஷன் வரைதான் வைத்திருக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் அதைத் தேர்வு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் கேட்கும் 'ரிவிஷன் பி' அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தில் ஐம்பது வசதி சொல்வார்கள். சின்ன டிசைன் டீமுக்கு இந்த நாலும் இருந்தால் போதும்:

• பூட்டு: ஒருவர் ஃபைலை எடுத்து வேலை செய்யும்போது, மற்றவர்கள் பார்க்க மட்டும் முடிய வேண்டும். 'செக் அவுட்', 'செக் இன்' என்பது இதுதான்.

• ரிவிஷனும் ஒப்புதலும்: யார் மாற்றினார், ஏன் மாற்றினார், யார் எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும்.

• இணைப்பு அறிவு: ஒரு பார்ட்டைத் தொட்டால் அது எந்தெந்த அசெம்ப்ளியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

• வெளியே வரும் வழி: நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால், எல்லா ஃபைல்களும் பழைய ரிவிஷன்களோடு கைக்கு வர வேண்டும்.

பீரோவில் ஏற்கெனவே இருக்கலாம்

புதிதாக எதையும் வாங்கும் முன் பழைய இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். சாலிட்ஒர்க்ஸின் ப்ரொஃபஷனல், பிரீமியம் லைசென்ஸ்களோடு 'பி.டி.எம் ஸ்டாண்டர்ட்' சேர்ந்தே வருவது வழக்கம். ஆட்டோடெஸ்க் இன்வென்டர் பயன்படுத்துவோருக்கு 'வால்ட் பேசிக்' உண்டு. இரண்டும் மேலே சொன்ன பூட்டு, இணைப்பு அறிவு இரண்டையும் நேரடியாகத் தருபவை. காசு கொடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யாமல் வைத்திருக்கிறீர்களா என்று டீலரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இவற்றுக்கு எல்லையும் உண்டு. பி.டி.எம் ஸ்டாண்டர்டில் ஒரே ஒரு ஒப்புதல் வழிமுறையைத்தான் அமைக்க முடியும், வெளியிலிருந்து பிரவுசரில் திறக்கவும் முடியாது. எட்டுப் பேர் ஒரே கட்டடத்தில் இருந்தால் இது பெரிய குறையே இல்லை. பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் யோசிக்க வேண்டும்.

'ஃப்ரீ' எவ்வளவு ஃப்ரீ?

சாஃப்ட்வேர் எழுதும் நண்பர் யாராவது "கிட் போடுங்களேன்" என்பார். கிட் வரி வரியாக எழுதும் நிரலுக்காகப் பிறந்தது. இரண்டு பேரின் மாற்றத்தைச் சேர்ப்பதுதான் அதன் பலம், கேட் ஃபைலில் அது நடக்காது. அதைவிடப் பழைய 'சப்வெர்ஷன்' இங்கே பொருத்தமாக இருக்கும். ஃபைலைப் பூட்டும்வரை படிக்க மட்டுமே திறக்கும்படி அதில் அமைக்கலாம். 'டார்ட்டாய்ஸ் எஸ்.வி.என்' போட்டால் விண்டோஸ் ஃபோல்டரிலேயே ரைட் கிளிக்கில் வேலை முடியும். பொது ஆவணங்களுக்கு 'நெக்ஸ்ட்கிளவுட்' இருக்கிறது. இவை எல்லாமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஆனால் கேட் இணைப்புகளை இவை புரிந்துகொள்ளாது.

செலவு வேறு இடத்தில் வரும். சர்வர் கம்ப்யூட்டர், யு.பி.எஸ், பேக்கப் டிஸ்க், அதைக் கவனிக்க வாரம் சில மணி நேரம் ஒதுக்கும் ஒரு ஆள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சர்வரைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியை மறக்கவும் கூடாது.

மாதச் சந்தா: கணக்குப் போடுங்க

கிளவுட் சேவை என்றால் இந்தத் தலைவலி குறையும். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கூடுவாஞ்சேரி பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் 'ஒர்க்டிரைவ்' போன்றவற்றில் செக் அவுட் வசதி உண்டு. ஆனால் 'ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு' என்ற விலை சின்னதாகத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு, ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 பேருக்கு ஆண்டுக்கு 48,000. ஜி.எஸ்.டி 18 சதவீதம் சேர்த்தால் 56,640. இப்போது ஃபேப்ரிகேட்டர், கன்சல்டன்ட், வாடிக்கையாளர் தரப்பில் இருவர் என நாலு பேருக்கும் தனி லாகின் வேண்டும் என்றால், கணக்கு 84,960 ஆகிவிடும். எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'பார்க்க மட்டும் செய்பவருக்கும் காசு உண்டா?' ஜி.எஸ்.டி பதிவு உள்ள நிறுவனம் அந்த வரியை உள்ளீட்டு வரிக் கழிவாகப் பெறலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கிராக் வெர்ஷன் பக்கம் மட்டும் போக வேண்டாம். திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

முதலில் விதி, அப்புறம் சாஃப்ட்வேர்

ஐ.எஸ்.ஓ 9001 தரச்சான்றின் 2015 பதிப்பில் 7.5 என்ற பிரிவு ஆவணங்களுக்கானது. அது எந்த சாஃப்ட்வேரையும் வாங்கச் சொல்லவில்லை. சரியான ஆவணம் தேவையான இடத்தில் கிடைக்க வேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கட்டுமானத் துறைக்கான ஐ.எஸ்.ஓ 19650 இதை நாலு நிலையாகப் பிரிக்கிறது: வேலை நடப்பது, பகிர்ந்தது, ஒப்புதலுடன் வெளியிட்டது, காப்பகத்தில் வைத்தது. இந்த நாலு பெயரில் நாலு ஃபோல்டர் போட்டு இன்றைக்கே ஆரம்பிக்கலாம். செலவு பூஜ்யம்.

ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டியவை:

1. ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஒரே எண். அந்த எண் மாறவே கூடாது.
2. ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லே வேண்டாம். ரிவிஷன் எழுத்து மட்டும் போதும்.
3. வெளியே போவது 'வெளியிட்டது' ஃபோல்டரில் உள்ள பி.டி.எஃப் மட்டும். வாட்ஸ்அப்பில் ஃபைலுக்குப் பதில் லிங்க் அனுப்புங்கள்.
4. புது ரிவிஷன் போனதும் பழையதைக் கிழிக்கச் சொல்லி, பதில் வாங்க வேண்டும்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் டீம்களுக்கு இது இன்னும் அவசியம். படூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், தையூரில் உள்ள ஐ.ஐ.டி மெட்ராஸின் டிஸ்கவரி வளாகத்தில் 400 மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்பர்லூப் சோதனைத் தடம் இருக்கிறது. அதன் பின்னால் இருப்பது ஒரு மாணவர் அணி. மாணவர் அணிகளில் வரைந்தவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், அடுத்த பேட்ச் அவருடைய டிராயிங்கை வைத்துத்தான் வேலையைத் தொடர வேண்டும். கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் முடிந்து போகிறவர் விட்டுச்செல்வதும் அதுதான்.

வாங்கும் முன் இரண்டு வாரம்

பல சேவைகளுக்கு இலவச சோதனைக் காலம் உண்டு. டெமோ வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்துபோன ஒரு உண்மையான புராஜெக்டை உள்ளே போடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பார்ட்டைத் திறக்கட்டும். ஒரு பார்ட்டின் பெயரை மாற்றிவிட்டு அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள். டீமிலேயே கம்ப்யூட்டர் பழக்கம் குறைவான ஆளிடம் கொடுத்து, 'போன மாசம் அனுப்பின ரிவிஷனை எடுங்க' என்று சொல்லுங்கள். கடைசியாக, எல்லா ஃபைல்களையும் வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கே பழைய ரிவிஷன்கள் இல்லையென்றால், மாதம் ஐம்பது ரூபாய் என்றாலும் அது உங்களுக்கு விலை அதிகம்.