ஒன்பது ஸ்வரங்களின் வாத்தியம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு உரிய பேக்பைப் வாத்தியத்தைப் பிராயம் முதிர்ந்தபின் கற்க விரும்பும் ஒருவர், தோளின்மீது சாய்ந்து நிற்கும் மூன்று சுருதிக் குழல்களையும், கக்கத்தில் இடுக்கிய பெரிய பையையும், ஊதுபவரின் சிவந்த முகத்தையும் கண்டு, இதற்கு வேண்டியது அபாரமான சுவாச பலமே என்று முடிவு செய்து, தம் நெஞ்சில் அவ்வளவு மூச்சு இருக்குமோ என்று தயங்குவது வழக்கமாக இருக்கிறது. அந்தத் தயக்கம் அவசியமில்லாதது. மூச்சு வாங்கும் நேரத்திலும் நாதம் அறுந்து போகாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பை ஏற்பட்டிருக்கிறது. கற்பவரின் பிரயாசை பெரும்பாலும் விரல்களில்தான் செலவாகிறது. வயது வந்தவர்கள் இதை முதலிலேயே அறிந்துகொண்டால், பாதி வழியில் மனம் சோர்ந்து விடுபவர்களின் தொகை குறையும் என்பது என் திடமான நம்பிக்கை.

சாண்டர் என்று வழங்கும் நாதக் குழலில் ஒலிப்பவை ஒன்பதே ஸ்வரங்கள். நம் சங்கீத பாஷையில் சொன்னால், மந்தர ஸ்தாயியின் கைசிகி நிஷாதத்தில் தொடங்கித் தார ஷட்ஜத்தில் முடியும் அவை, அரிகாம்போதியின் ஸ்வர ஸ்தானங்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. நாகஸ்வரத்தைப் போலவே இதற்கும் இரட்டைச் சீவாளி உண்டு. ஆனால் அது பையினுள் மறைந்திருப்பதால், வாசிப்பவரின் உதடு அதைத் தீண்டுவதே இல்லை. ஆகவே நாவினால் ஸ்வரத்தைப் பிரிப்பதோ, ஊதும் வேகத்தை ஏற்றி இறக்கிக் குரலைப் பெருக்கிச் சுருக்குவதோ, ஒரு நொடி மௌனமாக நிற்பதோ இந்த வாத்தியத்தில் சாத்தியமில்லை. சுருதிக் குழல்களில் இரண்டு ஆதார ஷட்ஜத்திற்கு ஒரு ஸ்தாயி கீழும், மூன்றாவது இரண்டு ஸ்தாயி கீழும் நின்று இடைவிடாமல் முழங்கிக்கொண்டிருக்க, அவற்றின்மேல் ஒரே கனத்தோடு ஓடும் ஒற்றை நாதத்திற்கு அழகும் அர்த்தமும் கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் விரல்களையே சாருகிறது.

ஒரே ஸ்வரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால், நடுவில் நாதத்தை நிறுத்த வழியில்லாத காரணத்தால், இடக்கைச் சுட்டுவிரலை இமைக்கும் நேரத்தினும் குறைவாகத் தூக்கி இறக்கி, மேலே உள்ள ஒரு ஸ்வரத்தைத் தீண்டி வருகிறார்கள். அந்தத் தீண்டுதலே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கிரேஸ்நோட் என்னும் இந்த அனுஸ்வரங்கள் கூட்டங்கூட்டமாகச் சேரும்போது டப்ளிங், கிரிப், பர்ல் என்று தனித்தனிப் பெயர் பெறுகின்றன. இவை வெறும் அலங்காரங்கள் என்று எண்ணுவது பிழை. இவை இல்லாவிட்டால் தாளமே புலப்படாது.

மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்குச் செல்லும் எளிய வழியைப் பாருங்கள். வலக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் இறங்குகிற அதே கணத்தில், அக்கையின் சுண்டுவிரலும் இடக்கையின் மோதிரவிரலும் எழும்ப வேண்டும். இறங்குபவை இம்மியளவு முந்திவிட்டாலும், வேண்டாத கீழ் ஸ்வரம் ஒன்று இடையே புகுந்து, கேட்பவர் காதில் தெளிவாக விழுந்துவிடும். குழந்தை இதைக் கேள்வி கேளாமல் நூறு தடவை செய்துவிடுகிறது. பெரியவரோ, தவறு நேர்ந்துவிடுமே என்ற அச்சத்தினால் குழலை இறுகப் பற்றி, விரல்களை விறைக்கச் செய்து, அந்தத் தவற்றையே வரவழைத்துக்கொள்கிறார். ஆயினும் பிழை எங்கே என்று கேட்டறியும் காதும், அந்த ஓர் இடத்தை மாத்திரம் எடுத்து மிக மெதுவாகச் சாதகம் செய்யும் விவேகமும் பெரியவருக்கே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனால்தான் பையே இல்லாத, வாயால் நேரே ஊதும் பிராக்டிஸ் சாண்டர் என்ற சிறு குழலில் அப்பியாசம் தொடங்குகிறது. அதன் ஒலி அடக்கமானது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையில், சிலருக்கு அதற்கும் மேலாகவே, அந்தக் குழலோடு காலம் கழிகிறது. வலக்கையின் மூன்று விரல்கள் நீண்டு நடுக்கணுச் சதையினால் துளைகளை மூட, சுண்டுவிரல் மட்டும் நுனியால் மூடுவது முறை; பேனா பிடித்தே பழகிய கைகளுக்கு இது வெகு நாள் அந்நியமாகவே தோன்றும்.

ஸ்கை தீவில் போரரெய்க் என்னும் இடத்தில், டன்வேகன் கோட்டையின் மெக்லியோட் தலைவர்களுக்குப் பரம்பரை வித்வான்களாக விளங்கிய மெக்ரிமன் குடும்பத்தார், தம்மிடம் வந்து தங்கிய மாணாக்கர்களுக்கு ஸ்வரக் குறிப்பு ஏதும் எழுதிக் கொடுக்காமல், பொருளற்ற அசைகளை வாயால் பாடிக் காட்டியே கற்பித்தார்கள் என்பது மரபு. கான்டெராக் எனப்படும் அம்முறையில் ஸ்வரம் மட்டுமின்றி அதன்மீது படியும் அனுஸ்வரமும் அசைக்குள் அடங்கிவிடுகிறது. பிப்ராக் என்னும் பெருங்கிருதிகள், ஒரு மூல வர்ணமெட்டைப் படிப்படியாகச் சிக்கலாக்கி மறுபடியும் மூலத்தில் வந்து அமர்பவை, இன்றும் பாட்டாகவே கற்பிக்கப்படுவதுண்டு. வாயால் பாட வராததை விரலால் வாசிக்க முயல்வது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம்.

கிளாஸ்கோ நகரில் 1944-இல் ஷேமஸ் மெக்நீலும் தாமஸ் பியர்ஸ்டனும் நிறுவிய காலேஜ் ஆஃப் பைப்பிங், குலத்தொழிலாகவும் படைப்பிரிவுப் பயிற்சியாகவும் இருந்த இந்த வித்தையைச் சாமானிய ஜனங்களுக்கும் திறந்துவிடப் பெரும் தொண்டாற்றியது. அவர்கள் எழுதிய பச்சை அட்டைப் பாடப்புத்தகம் உலகமெங்கும் தொடக்க மாணவர்களின் கையில் இருக்கிறது. அக்கல்லூரி 2018-இல், 1996 முதல் அதே நகரில் நடந்துவரும் நேஷனல் பைப்பிங் சென்டரோடு இணைந்தது.

சிறு குழலில் சில மெட்டுகள் நினைவிலிருந்து பிசகின்றி வந்தபிறகு பையை எடுக்கலாம். அப்போதும் சுருதிக் குழல்களைத் தக்கையால் அடைத்துவிட்டு, நாதக் குழலை மாத்திரம் ஒலிக்கவிட்டு, ஊதுவதும் முழங்கையால் அழுத்துவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் சந்தியில் சுருதி அசையாதபடி காத்துப் பழகியபின், ஒவ்வொரு குழலாகத் திறப்பதே நலம். முதலில் களைப்பது உதடுதான். ஓரங்களில் காற்று கசியத் தொடங்கினால் அன்றைய வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். அருகில் நிற்பவர் காதில் இதன் முழக்கம் 100 டெசிபலுக்கு மேல் செல்வதால், அறைக்குள் வாசிப்பவர் செவிக்குத் தடுப்பு வைத்துக்கொள்வது மிக அவசியம்.

ஆசையின் வேகத்தில், அலங்காரத்துக்கென்றே செய்த மலிவான முழு வாத்தியத்தை வாங்கிவிடாதீர்கள். அதில் சுருதி சேராது, சேராத சுருதியில் காதும் கெடும். ஒரு நல்ல பிராக்டிஸ் சாண்டரும், எதிரே அமர்ந்து உங்கள் விரல்களைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் ஒருவரும் கிடைத்தால் இப்போதே தொடங்குங்கள். பெரிய வாத்தியத்துக்கான பணத்தை, அந்த ஆசிரியர் வாங்கலாம் என்று சொல்லும் நாள்வரையில் பத்திரமாக வைத்திருங்கள்.