துப்பாக்கி: உரிமையா, அனுமதியா?

நம் தமிழ்க் குடும்பங்கள் வடமாநிலங்களில் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஊரில் இருந்தவரை துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளிலும், வங்கி வாசல் காவலாளி கையிலும், தீபாவளிக்குப் பிள்ளைகள் கையிலும் பார்த்ததுதான். இங்கே அப்படி இல்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். கடைவீதியில் கல்லாப்பெட்டியோடு ரிவால்வரும் வைத்திருப்பவர்கள் உண்டு. "ஐயா, நீங்களும் ஒரு லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கக் கூடாதா?" என்று சங்கத்து இளைஞர்கள் என்னைப் போன்ற வியாபாரிகளைக் கேட்கிறார்கள். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள், "அங்கே அது உரிமையாமே, நம்ம நாட்டுல ஏன் இல்லை?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை நம் நாட்டு வரலாற்றில்தான் இருக்கிறது.

அன்று கேட்ட உரிமை

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கியது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டமும் வந்தது. பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கிவிட்டார்கள். ஆயுதச் சட்டம் மட்டும் நின்றுவிட்டது.

இதை எதிர்த்து எழுந்த குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1887-இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இந்தச் சட்டம் மக்களின் விசுவாசத்தின்மேல் பூசிய களங்கம் என்று கூறி, அதைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918-இல், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணி ஆக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயல்களில் ஒன்றாகச் சொன்னார். கத்தியே எடுக்காதவர் துப்பாக்கிக்கு ஏன் வக்காலத்து வாங்கினார் என்று தோன்றும். அடிக்கத் தெரிந்தும் அடிக்காதவன்தான் அகிம்சாவாதி, கை கட்டப்பட்டவன் அல்ல என்பது அவர் கருத்து.

1930 ஜனவரியில், உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன், அவர் வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்று தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பது பற்றியது. அதிலேயே அந்த லைசென்ஸ் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்டார். கட்டுப்பாடே வேண்டாம் என்று கேட்கவில்லை. கட்டுப்பாடு நம் கையில் இருக்கட்டும் என்றுதான் கேட்டார். 1931-இன் கராச்சி தீர்மானத்திலும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்ற வாசகம் இடம்பெற்றது.

வேண்டாம் என்று முடிவு செய்தது ஏன்?

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்தக் கராச்சி வாசகத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் கடைத்தெருவுக்குப் போய்த் தாக்கும் கருவிகளைத் தடையில்லாமல் வாங்கலாம் என்றால், அரசு நிர்வாகத்தை எப்படி நடத்துவது என்பது அவருடைய வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. காந்தியடிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகி அப்போது பத்து மாதங்களே ஆகியிருந்தன. பிரிவினைக் கலவரத்தின் ரத்தமும் காயவில்லை.

இன்று நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தருகிறது, ஆனால் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூட வேண்டும் என்கிறது. சீக்கியர் கிர்பான் அணிவதை 25-ஆவது பிரிவின் விளக்கம் மத உரிமையாக ஏற்கிறது.

அன்னியன் ஆண்டபோது கேட்டதை, நம் ஆட்சி வந்ததும் மறுத்தது முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1878 சட்டத்தில் சுட்டது துப்பாக்கி இல்லாத குறை அல்ல. வெள்ளையனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்ற அவமானம். அந்த அவமானம் போனபின், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று நாமே நிர்ணயிப்பதில் தவறில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. 1791-இல் சேர்ந்த இரண்டாவது திருத்தத்திலேயே ஆயுத உரிமை இருக்கிறது. அது தனிமனிதனுக்கும் உரியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்கும் 2022 தீர்ப்பு இடம் கொடுத்தது. அங்கே ஒருவருக்கு மறுக்க அரசுதான் காரணம் காட்ட வேண்டும். இங்கே எதற்குத் தேவை என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

இப்போதைய சட்டம் சொல்வது

1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் 1962 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2016-இல் புதிய விதிகளும் 2019-இல் பெரிய திருத்தமும் வந்தன. குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. விண்ணப்பிப்பவருக்குப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் தேவை. லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

2. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி உண்டு.

3. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. தடைசெய்யப்பட்ட ரக ஆயுதமென்றால் தண்டனை இன்னும் கடுமை.

4. கல்யாணத்திலோ கோவில் விழாவிலோ பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை, அல்லது இரண்டும். மேலே போன குண்டு மேலேயே நிற்காது. யார் தலையிலாவது இறங்கும்.

5. லைசென்ஸ் மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீடும் உண்டு. சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஊரில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி சில வீடுகளில் பரணில் கிடக்கும். லைசென்ஸ்காரர் காலமானால், "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது குற்றமாகிவிடும். உடனே போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு வாரிசு பேரில் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு நம் பக்கத்திலேயே, குடகு நாட்டில் உண்டு. கொடவ இனத்தாருக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. கைல்போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கியை வைத்துப் பூஜை செய்வார்கள். பிறப்பையும் இறப்பையும் வெடி ஒலியால் அறிவிப்பார்கள். 2019-இல் மத்திய அரசு இவ்விலக்கை 2029 வரை நீட்டியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அதைச் சரி என்றது. குலத்தார் கண்ணும் வழக்கத்தின் கட்டும் காவலாக இருக்கும் இடத்தில் இது நடக்கும். முகம் தெரியாத மாநகரத்துக்குப் பொருந்தாது.

வியாபாரியின் கேள்வி

"திருடன் வரும்போது போலீஸ் பக்கத்தில் இருக்குமா?" என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எங்கள் சமண மரபும் அதைத் தள்ளவில்லை. நான்கு வகை இம்சைகளில் வேண்டுமென்றே செய்வதை மட்டும் இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டும். சமையல், வீட்டு வேலையில் நேர்வதும், தொழிலில் நேர்வதும், தாக்க வந்தவனை எதிர்ப்பதில் நேர்வதும் அவனுக்கு விலக்க முடியாதவை. ஆனால் அதே மரபு, கொல்லும் கருவிகளைத் தேவையின்றிப் பிறர் கையில் கொடுப்பதை இம்சாதானம் என்று பெயரிட்டு, பயனில்லாத் தீங்குகளில் சேர்க்கிறது. தற்காப்பு நியாயம்தான், கருவி பரவுவது ஆபத்து.

1993-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, ஆயுதம் வைத்திருப்பது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் அதை ஏற்கவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்கா போல் இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவது பற்றிக் கவலை தெரிவித்தது. அது நியாயமான கவலை. இந்தப் பக்கம் 'கட்டா' என்று சொல்லும் கள்ளத் துப்பாக்கிதான் பெரும்பாலான துப்பாக்கிக் கொலைகளில் பேசுகிறது. அது எந்த லைசென்ஸ் அலுவலகத்துக்கும் போவதில்லை.

என் அனுபவத்தில் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கும் துப்பாக்கி, திருடன் வரும் அந்த ஒரு நிமிஷத்தில் எட்டுவதில்லை. மற்ற நாளெல்லாம் வீட்டிலே கோபம், குடி, மனச்சோர்வு, குழந்தையின் விளையாட்டு இவற்றுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உண்மையான மிரட்டல் உள்ளவர் முறைப்படி விண்ணப்பிக்கட்டும், தவறில்லை. கௌரவத்துக்கு வாங்குவதை மட்டும் விட்டுவிடலாம்.

நாம் கேட்க வேண்டியவை இரண்டு. லைசென்ஸ் செல்வாக்கைப் பார்த்து அல்லாமல் தேவையைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். கடைவீதியில் இரவு ரோந்து ஒழுங்காக வரவேண்டும். இவ்விரண்டும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். இதற்காக வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து நம் தமிழ்ச் சங்கமும் மனு கொடுக்கலாம். சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளை அங்கீகாரம் பெற்ற சுடுதளத்துக்கு அனுப்புங்கள். அங்கே முதல் பாடமே துப்பாக்கியை யார் பக்கமும் திருப்பாதே என்பதுதான். கல்யாண வீட்டில் யாராவது துப்பாக்கி எடுத்தால், சம்பந்தி வீட்டார் கோபித்தாலும் பரவாயில்லை, பெரியவர்கள் முன்னே போய்த் தடுக்க வேண்டும்.